இனுவிக்குக்கு எத்தனை கிலோமீட்டர்?

"ஆயிரத்து நூறு கிலோமீட்டர்தானே தம்பி. விடியற்காலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமே" என்றார் அக்கா. அவர் ஒன்டாரியோவில் இருக்கிறார், நான் யெல்லோநைஃபில். நிறுவனத்தின் பிக்கப் வண்டியை இனுவிக் வரை ஓட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு வரப்போகிறேன், போக மட்டும் ஆறு நாள் ஆகும் என்று சொல்லியிருந்தேன். தம்பி எதையோ மறைக்கிறான் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உடனே கணினியில் இரண்டு ஊர்ப் பெயர்களையும் தட்டிப் பார்த்துவிட்டார். அவர் பார்த்த தளம் 1,103 கி.மீ. என்று காட்டியது. அதையே மணிக்கு நூறு என்று வகுத்து, "காரில் 11 மணி நேரம்" என்றும் கீழே போட்டிருந்தது.

1,103 என்ற கணக்கில் தவறே இல்லை. யெல்லோநைஃப் 62 பாகை வடக்கே இருக்கிறது, இனுவிக் 68 பாகைக்கும் மேலே. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து இரண்டுக்கும் இடையே நூல் பிடித்தால் அவ்வளவுதான் வரும். காகம் பறந்தால் அவ்வளவு தூரம். இந்தப் பக்கத்து அண்டங்காக்கைகள் உண்மையிலேயே பறந்துவிடும், எனக்குச் சந்தேகமில்லை. காருக்கு அந்த நூல் கிடையாது. சாலை வழியாக 3,100 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் ஒரே ஆட்சிப் பகுதிக்குள், கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்குள், இருக்கின்றன. ஒன்று தலைநகரம், மற்றது அதே அரசின் கீழுள்ள இன்னொரு ஊர். இருந்தும் காரில் போக வேண்டுமானால் பிரதேசத்தை விட்டே வெளியேறி, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் இறங்கி, யூகான் முழுவதையும் குறுக்கே கடந்து, வேறொரு வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வர வேண்டும். அடுத்த அறைக்குப் போக வீட்டை விட்டு இறங்கித் தெருவைச் சுற்றி வருவது போல.

நான் குளிர்ப்பெட்டி பழுதுபார்ப்பவன். ஆமாம், வடதுருவ வட்டத்துக்கு அப்பால் போய் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறேன். எல்லோரும் செய்யும் நகைச்சுவைகள் அனைத்தையும் கேட்டு முடித்துவிட்டேன். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெளியே மைனஸ் 38 என்றால் அதைச் சன்னலுக்கு வெளியே வைக்க முடியாது, உறைந்து வீணாகிவிடும். ஆகவே வெளியே குளிராக இருக்கிற ஊரிலும், உள்ளே அளவான குளிருக்கு ஆள் தேவைப்படுகிறது. வருடத்துக்கு நான்கைந்து முறை இனுவிக் போகிறேன். வழக்கமாக விமானத்தில்தான்.

விமானத்தின் கணக்கு நேர்மையானது. போகும் வழியில் பெரும்பாலும் நார்மன் வெல்ஸில் இறங்கி ஏறும். அந்த ஊருக்கு மெக்கன்சி ஆற்றங்கரையில் எண்ணெய்க் கிணறுகள் உண்டு, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சாலை கிடையாது. யெல்லோநைஃபிலிருந்து அங்கே சுமார் 684 கி.மீ., அங்கிருந்து இனுவிக்குக்கு 457. கூட்டிப் பார்த்தால் 1,141. நேராகப் பறப்பதைவிட 40 கி.மீ.கூட அதிகமில்லை, ஏனென்றால் மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. விமானத்தில் நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது பொழுது போகாமல்தான். ஒருமுறை அந்தக் கணக்குக்கு வேறு பொருள் வந்துவிட்டது.

அது ஒரு ஜனவரி. நார்மன் வெல்ஸில் இறங்கி ஏறி, இனுவிக்கை நெருங்கினோம். கீழே ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி விரித்தது போல ஒரு படலம். பனிப்படிக மூடுபனி. முப்பது டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால், வண்டிகளின் புகையிலும் வீட்டுப் புகைபோக்கிகளின் புகையிலும் உள்ள ஈரம் அப்படியே நுண்பனியாகி ஊரின் மேல் நின்றுவிடும். காற்று அடிக்கும் வரை நகராது. ஊர் தன் மூச்சாலேயே தன்னை மூடிக்கொண்டிருந்தது. விமானி இரண்டு முறை தாழ்ந்து பார்த்தார், இரண்டு முறையும் மேலே எழுந்தார். பிறகு நார்மன் வெல்ஸுக்குத் திரும்பி எண்ணெய் நிரப்பிக்கொண்டு, யெல்லோநைஃபுக்கே வந்து இறக்கிவிட்டார்கள். அன்று நான் பயணம் செய்தது சுமார் 2,280 கி.மீ. போய்ச் சேர்ந்த இடம் என் வீடு. காலையில் கழுவாமல் விட்டுப்போன தேநீர்க் கோப்பை மேசையில் அப்படியே இருந்தது.

அன்றிரவும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "அப்படியானால் காரில் போயிருக்கலாமே" என்றார். ஜனவரியில் காரில் போவதைப் பற்றி நான் பேச்சையே எடுக்கவில்லை.

ஏன் நேராக ஒரு சாலை இல்லை? வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்விதான். தெற்கிலிருந்து வரும் மெக்கன்சி நெடுஞ்சாலை ஆற்றோடு சேர்ந்து வடக்கே போக முயன்று, ரிக்லி என்ற சிற்றூரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து இனுவிக்குக்கு நேர்கோட்டில் 735 கி.மீ. மிச்சம். குளிர்காலத்தில் ரிக்லிக்கு வடக்கே உறைந்த நிலத்தின் மேல் பனிச்சாலை ஒன்று போடுவார்கள். அதுவும் நார்மன் வெல்ஸ், ஃபோர்ட் குட் ஹோப் பக்கம் வரை போய்விட்டு நின்றுவிடும், இனுவிக்கைத் தொடாது. இந்த இடைவெளியை நிரப்புவது பற்றி நான் இங்கே வந்த நாளிலிருந்து பேச்சு நடக்கிறது, அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாகவும் நடந்திருக்கிறது. கோடையிலும் அடியில் உறைந்தே கிடக்கும் உறைநிலத்தின் மேல் சாலை போடுவது தார் ஊற்றும் வேலை அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, நீர் வழி. கிரேட் ஸ்லேவ் ஏரியின் தென்கரையில் ஹே ரிவர் என்ற ஊர். சரக்குத் தெப்பங்கள் அங்கே புறப்படுகின்றன. ஏரியிலிருந்து கடல் வரை மெக்கன்சி ஆறு 1,738 கி.மீ. ஓடுகிறது. கோடையில் எண்ணெயும் வீடு கட்டும் மரமும் வண்டிகளும் அந்த வழியாகவும் இனுவிக்குக்கு இறங்கும். எங்கள் பிக்கப் வண்டியும் தெப்பத்தில் போயிருக்க வேண்டியது. யாரோ ஒரு படிவத்தை ஒரு வாரம் தாமதமாக அனுப்பினார். அந்த யாரோ நான்தான். ஆகவே வண்டியை ஓட்டிப்போகிற வேலையும் எனக்கே வந்தது. குளிரூட்டும் வாயு உருளைகள் சிலவும் போக வேண்டியிருந்தது, பயணிகள் விமானத்தில் அவற்றைப் பெட்டியோடு கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஜூலை முதல் வாரம் புறப்பட்டேன். இரண்டு உபரி டயர், கையால் அடிக்கிற பம்பு, இருபது லிட்டர் கேன் இரண்டு, கொசு வலைத் தொப்பி, ஒரு பெட்டி நிறைய அவித்த முட்டை. வண்டி நூறு கி.மீ.க்குப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும். 3,100க்கு 370 லிட்டருக்கு மேல் வேண்டும். கேள்வி எத்தனை லிட்டர் என்பதல்ல, எங்கே கிடைக்கும் என்பது.

முதல் நாள் நெடுஞ்சாலை எண் 3. யெல்லோநைஃபிலிருந்து முதல் நூறு கி.மீ. தார்ச்சாலைதான், ஆனால் அடியிலுள்ள உறைநிலம் இளகி இறுகி அதை அலை அலையாக மடித்து வைத்திருக்கிறது. வேகமாகப் போனால் வண்டி துள்ளும், வயிறு ஒரு கணம் தாமதமாகத்தான் பின்தொடரும். பெச்சோகோ தாண்டியதும் சாலை நேராகிறது, காட்டெருமைகள் வருகின்றன. அவை வழியை மறிப்பதில்லை. வழியில் நிற்கின்றன, அவ்வளவுதான். ஒன்று வண்டியின் முன்விளக்கில் தாடியை உரசிக்கொண்டு போனது. பிறகு மெக்கன்சி ஆற்றின் மேல் டே சோ பாலம், 2012 நவம்பரில் திறந்தது. அதற்கு முன் இந்த இடத்தில் கோடையில் ஃபெர்ரி, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் பனிப்பாலம். இடைப்பட்ட வாரங்களில் இரண்டுமே இல்லை, தலைநகருக்குச் சாலை இருந்தும் இல்லாத நிலை. இந்த ஊர்ப் பழைய ஆட்கள் இன்னமும் "பாலத்துக்கு முன்னால்" என்று காலத்தைக் கணக்கிடுகிறார்கள்.

அதன் பிறகு தெற்கும் மேற்குமாகப் போய், லியார்ட் நெடுஞ்சாலையில் இறங்கி, அன்றிரவு ஃபோர்ட் லியார்டில் படுத்தேன். ஓடோமீட்டர் 780 காட்டியது. இனுவிக் வடமேற்கே இருக்கிறது, நானோ அன்று பெரும்பாலும் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தேன். இரவு ஓர் அற்ப ஆசையில் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். அத்தனை ஓட்டியும் நேர்கோட்டில் இனுவிக்கை நெருங்கியது நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பிரிட்டிஷ் கொலம்பியா எல்லையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினேன். அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்ததும் தார், சமவேகம், சுற்றுலா வண்டிகள். 1942இல் போர்க்கால அவசரத்தில் எட்டே மாதங்களில் வெட்டிய சாலை இது. இப்போது அதில் காபி கிடைக்கிறது. நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, மலைகள் அழகாக இருந்தன, எனக்குக் கழுத்து வலித்தது.

யூகானில் வாட்சன் லேக்கில் நின்றேன். தூரத்தைப் பற்றி எழுதுகிறவன் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. 1942இல் சாலை போட வந்த அமெரிக்கப் படைவீரர் கார்ல் லிண்ட்லி, ஊர் நினைவு தாங்காமல், இல்லினாய்ஸ் மாநிலத்து டான்வில் என்ற தன் ஊரின் பெயரையும் அது எத்தனை மைல் என்பதையும் ஒரு பலகையில் எழுதி நட்டார். பார்த்தவர்கள் பக்கத்தில் தங்கள் ஊரை நட்டார்கள். இப்போது அது பல்லாயிரம் பலகைகள் கொண்ட ஒரு காடு. வண்டி எண் தகடு, தெருப்பெயர், ஊர் எல்லைப் பலகை, சமையல் தட்டில் எழுதியது, கழிவறை மூடியில் எழுதியதுகூட. மாலை வெயிலில் அதற்குள் ஒரு மணி நேரம் நடந்தேன். நான் பார்த்தவற்றில் பாதிக்கும் மேல் வெறும் ஊர்ப் பெயர்கள். தூரம் எழுதியவர்களும் அதை முழு எண்ணாக்கித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் தசமப் புள்ளி வரை போட்டிருந்தார். என்னைப் போன்ற ஆள்.

வைட்ஹோர்ஸில் எண்ணெய் மாற்றினேன், ஒரு டயரையும். நான்காம் நாள் டாசன். இனுவிக் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை டாசனுக்கு 40 கி.மீ. முன்னாலேயே பிரிந்துவிடுகிறது, ஆனாலும் குளிக்க ஓர் இடமும் நல்ல சாப்பாடும் வேண்டியிருந்தது. போக வர 80 கி.மீ. அதிகம். இந்தப் பயணத்தில் 80 கி.மீ. என்பது பெட்டிக்கடைக்குப் போய் வருவது மாதிரி.

டெம்ப்ஸ்டர் சாலை முனையில் தொட்டியையும் கேன்களையும் நிரப்பினேன். அடுத்த எண்ணெய் 369ஆம் கிலோமீட்டரில், ஈகிள் பிளெயின்ஸில். இடையில் ஊர் இல்லை, கடை இல்லை, கைபேசிக்கு அலை இல்லை. சாலை ஏறக்குறைய முழுதும் சரளைக்கல். 1959இல் தொடங்கி 1979இல் திறந்தார்கள். இருபது ஆண்டு ஏன் ஆனது என்பது ஓட்டும்போது புரியும். நிலத்தை வெட்டிச் சாலை போட்டால் அடியிலுள்ள பனி இளகிச் சாலையே சேற்றில் அமிழ்ந்துவிடும். ஆகவே இங்கே வெட்டுவதில்லை, மேலே கொட்டுகிறார்கள். ஒரு மீட்டருக்கு மேல், சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமாகச் சரளையை மேடுகட்டி, அந்த மேட்டையே போர்வையாக்கி, கீழே உள்ள பனியைக் குளிராகவே வைத்திருக்கிறார்கள். நான் செய்கிற வேலைதான். சாலையின் நீளத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி. அதன் மூடியின் மேல் ஓட்டிப் போனேன்.

டூம்ஸ்டோன் மலைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் டயரைப் பற்றி எழுதுகிறேன். சுமார் 240ஆம் கிலோமீட்டரில், எதிரே வந்த சரக்கு லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டபோது "டப்" என்று ஒரு சத்தம், பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் வலது டயரில் ஒரு கல் நின்றுகொண்டிருந்தது. உருண்டைக் கல் அல்ல, பலகைக்கல்லின் சில்லு, விரல் நீளம், கத்தி போல இரண்டு பக்கமும் கூர். அது நுழைந்த இடத்திலிருந்து காற்று சீராக, அவசரமே இல்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. ஜாக்கியைச் சரளையில் வைத்தால் அமிழ்ந்தது. கீழே வைக்கப் பலகை கொண்டுவரவில்லை, முட்டைப் பெட்டியின் மூடியை வைத்தேன், அது பிளந்தது. கடைசியில் இரண்டு தட்டைக் கற்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்தினேன். கொசுக்கள் இதை ஒரு விருந்தாகவே எடுத்துக்கொண்டன. நாற்பது நிமிடத்தில் மூன்று வண்டிகள் கடந்தன, மூன்றும் நின்றன. "எல்லாம் சரிதானா?" என்று கேட்காமல் ஒருவர்கூடப் போகவில்லை. அந்தச் சாலையில் அது மரியாதை அல்ல, வழக்கம். ஈகிள் பிளெயின்ஸில் அந்த டயரை ஒட்டித் தந்தவர் சில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட சில்லுகள் நிறைந்த ஒரு காபி டப்பாவுக்குள் போட்டார்.

ஈகிள் பிளெயின்ஸ் பக்கத்தில் சாலை திடீரென்று அகலமாகிறது, அந்த இடத்தில் சாலையே விமான ஓடுதளம். வண்டி நிறுத்தாதே என்று பலகை. விமானத் தூரமும் கார்த் தூரமும் ஒரே சரளையில் சந்திக்கிற இடம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 405ஆம் கிலோமீட்டரில் வடதுருவ வட்டம். 465இல் மீண்டும் வடமேற்குப் பிரதேசங்கள். நான்கு நாட்களுக்கு முன் விட்டுப்போன என் சொந்தப் பிரதேசம்! கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். கிலோமீட்டர்க் கல் மட்டும் என்னைக் கண்டுகொள்ளவில்லை, எல்லையில் மீண்டும் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது.

பீல் ஆற்றில் வரிசையில் ஆறு வண்டிகள். அங்கே ஓடுவது கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போகிற ஃபெர்ரி, கட்டணம் கிடையாது. இரவு பெய்த மழையில் நீர்மட்டம் ஏறி, வண்டி இறங்குகிற சரளைச் சரிவை அரித்துவிட்டிருந்தது. ஒரு புல்டோசர் கரையிலிருந்து சரளையைத் தள்ளி, ஃபெர்ரியின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நாக்கை வடித்துக்கொண்டிருந்தது. தள்ளும், பின்னால் வரும், ஆறு கொஞ்சம் தின்னும், மறுபடி தள்ளும். ஓட்டுநருக்குக் கோபமோ அவசரமோ தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஃபோர்ட் மெக்பர்சன் பெரியவர் தெர்மோஸில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "இனுவிக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன், பேச்சுக்காக. ஆற்றைப் பார்த்தார். "இது இன்று ஓடினால் பக்கம்" என்றார். மூன்று மணி நேரம் கழித்து ஓடியது.

அவர் சொன்ன தூரம்தான் இங்கே எல்லோரும் சொல்கிற தூரம். அக்டோபரில் ஆற்றில் பனிக்கட்டி மிதக்கத் தொடங்கினால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். உறைந்த ஆறு வண்டியைத் தாங்குகிற அளவுக்குத் தடிக்கும் வரை இனுவிக்குக்குச் சாலை இல்லை. மே மாதம் பனி உடையும்போது மறுபடியும் இல்லை. அந்த வாரங்களில் கடைகளில் பழமும் பாலும் விமானத்தில் வந்து இறங்குகின்றன, விலையும் விமானத்தில்தான் ஏறி வருகிறது. 3,100 என்ற எண் அப்போது எந்த வரைபடத்திலும் மாறுவதில்லை.

ஃபோர்ட் மெக்பர்சனில் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் பக்கம் நான்கு கல்லறைகள் இருக்கின்றன. 1910 டிசம்பரில் காவல்துறை அதிகாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் மூவரும் இங்கிருந்து நாய் வண்டிகளோடு டாசனுக்குப் புறப்பட்டார்கள். சுமார் 765 கி.மீ. வழி. சில நாட்கள் வழிகாட்டிய குவிச்சின் பழங்குடி மனிதரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரே ஓர் ஓடையின் திருப்பத்தைத் தவறவிட்டு, தேடித் தேடி உணவு தீர்ந்து, திரும்பிவரும்போது இறந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு கிடந்த இடம் மெக்பர்சனுக்கு 40 கி.மீ.தான். அவர்களைத் தேடி 1911 மார்ச்சில் டாசனிலிருந்து வந்து கண்டுபிடித்தவர் டெம்ப்ஸ்டர், சாலைக்கு அவர் பெயர். நான் குளிப்பதற்காகச் சுற்றிப் போன தூரம் 80 கி.மீ. அங்கே நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது, கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மெக்கன்சி ஆற்று ஃபெர்ரி மூன்று கரைகளுக்கு முக்கோணமாக ஓடுகிறது, மூன்றாவது கரை சீகெட்சிக் கிராமம். அங்கிருந்து இனுவிக் வரை 130 கி.மீ., ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகம். ஊருக்குள் நுழைந்தபோது இரவு பதினொன்று, வெயில் முகத்தில் அடித்தது. யெல்லோநைஃபும் இனுவிக்கும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன, ஆனால் இனுவிக் 19 பாகை மேற்கே இருக்கிறது. சூரியனுக்கு அந்தத் தூரம் ஒன்றே கால் மணி நேரம். கோடையில் இனுவிக்கில் உச்சி வெயில் ஏறக்குறைய மாலை மூன்றுக்குத்தான் வருகிறது. ஓடோமீட்டர் 3,214. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரே கேள்விக்குறி.

வண்டியை மருத்துவமனைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் விமானத்தில் திரும்பினேன். இடது பக்கச் சன்னல். ஆறு நாள் ஓட்டி வந்ததை இரண்டரை மணி நேரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் கீழே தெரிந்தது எதுவும் நான் ஓட்டி வந்தது அல்ல. அந்த 1,103 கி.மீ.யில் நான் ஓட்டிய சாலை ஒரு துண்டு தொடக்கத்திலும் ஒரு துண்டு முடிவிலும்தான். நடுவில் ஏரி, சதுப்பு, கறுப்பு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள், மறுபடியும் ஏரி.

2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கி, யெல்லோநைஃப் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். சுமார் இருபதாயிரம் பேர், வெளியே போக ஒரே சாலை, புகை. நான் எட்மன்டனை நோக்கி வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்கா அழைத்தார். பதற்றத்தில் குரல் அடைத்திருந்தது. "ஏன் அவ்வளவு தெற்கே போகிறாய்? அந்த இனுவிக்குக்குப் போகலாமே, உன் பிரதேசத்தில்தானே இருக்கிறது, உனக்குத்தான் அங்கே ஆட்களைத் தெரியுமே" என்றார். எட்மன்டன் 1,450 கி.மீ., இனுவிக் போகிற சாலையில் பாதிகூட இல்லை என்று விளக்கினேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. "அந்த முட்டைப் பெட்டி எடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். எடுத்திருந்தேன். மூடிதான் இல்லை.

இந்த வாரம் இனுவிக்கிலிருந்து ஒரு மருந்துக் குளிர்ப்பெட்டி எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஃபெர்ரிகள் நின்றுவிட்டன, பனி இன்னும் தடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வானிலை அறிக்கை மைனஸ் 33, காற்று இல்லை என்கிறது. ஐந்து நாளைக்கு உடுப்பு எடுத்து வைத்திருக்கிறேன். தேநீர்க் கோப்பையையும் இந்தமுறை கழுவி வைத்துவிட்டுத்தான் போகப் போகிறேன்.